விதைக்கடைக்கு ஒரு வெப்சைட்

கோவில்பட்டி
10.6.2024

மகள் கிருஷ்ணப்ரியாவுக்கு அப்பா அழகிரிசாமி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌகரியம். அங்கே நீயும் குழந்தையும் வீட்டில் மற்றவர்களும் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கையெழுத்தைப் பார்த்து மலைத்துப் போயிருப்பாய். ஐந்து வருஷம் கழித்து இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்று தோன்றும். உன் கல்யாணத்தன்று நம் ஊர்க் கோயிலில் சூடத்தை அணைத்து, இனி உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். ஊரே பார்த்தது. அதில் மாற்றம் இல்லை. ஆனால் எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. இது எனக்கே போன வாரம்தான் உறைத்தது. போனில் தட்டி எழுத எனக்கு வராது, அதனால் தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். விதைக்கடைக்கு ஒரு வெப்சைட் வைக்கலாம் என்று இருக்கிறேன். பக்கத்துக் கயிற்றுக்கடை செய்யது அலியின் மகன் ஆரிப் அந்த வேலைதான் பார்க்கிறான். "என்ன வேணும்னு சொல்லுங்க மாமா, செஞ்சு தாரேன்" என்கிறான். என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு. நீ பெங்களூரில் வெப்சைட் செய்கிற கம்பெனியில், வருகிறவர்களிடம் விவரம் கேட்டு எழுதி வாங்குகிற வேலையில் இருப்பதாக அம்மா சொன்னாள். ஆரிப்பிடம் வேலையை ஒப்படைக்கும் முன்னால் நான் என்னென்ன தயார் செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுது. அம்மாவிடம் போனில் சொல்லி அனுப்பாதே. அவளிடம் பத்து விஷயம் சொன்னால் என்னிடம் மூன்று வந்து சேரும், அதிலும் ஒன்று எதிர்வீட்டு விஷயமாக இருக்கும்.

புரட்டாசி விதைப்புக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். குழந்தையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா

*

பெங்களூரு
17.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். நாங்கள் மூன்று பேரும் நலம். நீங்களும் அம்மாவும் நலம் என்று எழுதியதைப் படித்துச் சந்தோஷம்.

கவரைப் பிரிக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். பார்த்தால் வெப்சைட். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, இரண்டும் செய்தேன். வீட்டில் மற்றவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்கள் என்று ஒரே ஒருவர்தான் இருக்கிறார், அவர் பெயர் ஜெயபாண்டி.

சரி, வேலைக்கு வருகிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் எதையும் யோசிக்காமல் வருகிறார்கள். பிறகு நூறு தடவை மாற்றச் சொல்லி, செய்கிறவன் தலையை உருட்டுகிறார்கள். ஆரிப்பைக் கூப்பிட்டு உட்காரவைக்கும் முன்னால் கீழே உள்ள கேள்விகளுக்கு நீங்களே ஒரு நோட்டில் பதில் எழுதுங்கள்.

ஒன்று: எதற்காக வெப்சைட்? இரண்டு: யார் பார்ப்பார்கள், வந்ததும் அவர்களுக்கு என்ன வேண்டும்? மூன்று: 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தில் என்ன எழுதுவது? நான்கு: என்னென்ன படங்கள்? ஐந்து: வெப்சைட்டின் பெயரை யார் பேரில் பதிவு செய்வது? ஆறு: வருகிற ஆர்டருக்கு யார் பதில் சொல்வார்கள்? ஏழு: எந்தத் தேதிக்குள்?

முதல் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதினால் மற்ற ஆறும் தானாக வந்துவிடும். இது என் ஏழு வருஷ அனுபவம்.

அப்பா, சத்தியம் உங்களுக்குத்தானே. நான் போன் பண்ணினால் எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளக் கூடாதா?

அன்புடன்
கிருஷ்ணப்ரியா

*

கோவில்பட்டி
29.6.2024

மகளுக்கு, அப்பா எழுதுவது. நாங்கள் நலம். அங்கே குழந்தை, நீ, ஜெயபாண்டி எல்லோர் நலமும் அறிய ஆசை.

போன் வேண்டாம். உன் குரல் காதில் விழுந்தால் என் வாய் சும்மா இருக்காது. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

நோட்டுப் போட்டுவிட்டேன். இரண்டாவது கேள்விக்குப் பதில்: பார்க்கிறவர்கள் புதூர், ஓட்டப்பிடாரம், கயத்தாறு பக்கத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள். அவர்கள் என்னிடம் விதை கேட்டுப் போன் பண்ணுவதாக நீ நினைப்பாய். இல்லை. விதைக்கலாமா என்று கேட்கத்தான் பண்ணுகிறார்கள். புதூர்ப் பக்கத்துச் சங்கிலிப்பாண்டி போன புரட்டாசியில் ஒரே நாளில் ஆறு தடவை கூப்பிட்டான். "அண்ணாச்சி, மேகம் இருட்டிக்கிட்டு வருது, பாசிப்பயறப் போட்டுரட்டா?" "ஏலே, மண்ணு உருட்டுனா உருளுதா?" "உருளுது, ஆனா உதிருது." "அப்ப நாலு நாளு பொறு." இதுதான் என் வியாபாரம். அவன் பொறுத்தான், பிழைத்தான். அவன் தம்பி பொறுக்கவில்லை, முளைத்த பாசி அப்படியே காய்ந்து போயிற்று.

அதனால் ஆர்டர் எழுதும் பக்கத்தில் நான் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை முதலில் வைக்கச் சொல்லப்போகிறேன். மண் கரிசலா செவலா? ஈரம் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது? போன வருஷம் அதே நிலத்தில் என்ன போட்டாய்? களையெடுக்க ஆள் உண்டா? இதற்கெல்லாம் பதில் எழுதினால்தான் விதை கேட்கும் இடமே திறக்க வேண்டும். "மாமா, இப்பிடி கேள்வி கேட்டா ஆளு ஓடிருவான்" என்கிறான் ஆரிப். ஓடுகிறவன் ஓடட்டும்.

படங்களுக்கு ஆரிப்பே வந்தான். மல்லி விதை, கம்பு, பருத்தி எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் பரப்பி எடுத்தான். என்னையும் எடுத்தான். கழுத்தில் துண்டை ஏன் சுற்றியிருக்கிறீர்கள், எடுத்துவிடுங்கள் என்றான். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஆறாவது கேள்வி: சீனித்தாய் பதில் சொல்வாள். கடையில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறாள், எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அவளுக்கும் தெரியும். இந்த மாதத்திலிருந்து போனை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

ஐந்தாவது: பெயரைத் தன் கணக்கிலேயே பதிவு செய்துவிடுவதாக ஆரிப் சொல்கிறான். நல்ல பையன், செய்யட்டும் என்று நினைக்கிறேன். ஏழாவது கேள்விக்கு முன்பே எழுதிவிட்டேன்.

வெயில் குறையவே இல்லை. குழந்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

அப்பா

*

பெங்களூரு
6.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு, இங்கே எல்லோரும் நலம். ப்ரியதர்ஷினிக்குப் பல் நன்றாக வந்துவிட்டது, கடிக்கிறாள். உங்கள் இருவரின் சுகத்துக்கும் எழுதுங்கள்.

ஜெயபாண்டியின் பெயரை எழுதியிருந்தீர்கள். அந்த வரியை அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து, இன்னொரு தடவை காட்டு என்றார்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஆரிப் தங்கமான பையனாகவே இருக்கட்டும். வெப்சைட்டின் பெயர் உங்கள் பேரில்தான் இருக்க வேண்டும். செய்கிறவன் பேரில் விட்டுவிட்டு, பிறகு அவனோடு மனஸ்தாபமாகி, கடைப் பெயரையே இழந்தவர்கள் எங்களிடம் வந்து புலம்புகிறார்கள். பாஸ்வேர்டையும் நோட்டில் எழுதி வாங்குங்கள். அவன் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டான்.

உங்கள் கேள்விகளை எங்கள் ஆபீசில் படித்துக் காட்டினேன். வாங்க வருகிறவனிடம் வாங்காதே என்று சொல்கிற வெப்சைட்டை இதுவரை நாங்கள் யாரும் செய்ததில்லை. மாற்றாதீர்கள், அப்படியே இருக்கட்டும்.

ஆனால் முதல் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவே இல்லை. இரண்டிலிருந்து ஆரம்பித்துவிட்டீர்கள். முப்பது வருஷம் யாரையும் போனைத் தொட விடாத ஆள் சீனித்தாயிடம் அதைக் கொடுத்திருக்கிறீர்கள். நீங்கள் காலையும் மாலையும் கஞ்சிதான் குடிக்கிறீர்கள் என்று அம்மா வாய்தவறிச் சொன்னாள். ஏன் என்று கேட்டால், உடம்புக்கு நல்லதாம் என்று சிரித்து மழுப்புகிறாள். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது, அப்பா.

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது ஒன்று. ப்ரியதர்ஷினி பிறந்த அன்று அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது, நடுவில் ஒரு குரல், சின்ன வயசில் நீங்கள் என்னைக் கூப்பிடுவதுபோல, "ஏட்டி" என்றது. உடனே போன் அறுந்துவிட்டது. அது நீங்களா?

அன்புடன்
கிருஷ்ணப்ரியா

*

கோவில்பட்டி
2.8.2024

மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நலம். அங்கே அனைவர் நலத்துக்கும் கடவுளை வேண்டுகிறேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இடையில் மூன்று தடவை மதுரைக்குப் போய்வர வேண்டியிருந்தது. ஒரு வேலை.

பெயரைப் பதிவு செய்தாயிற்று. என் பேரில் இல்லை, உன் பேரில். எனக்குப் பிறகு கடைக்குக் கையெழுத்துப் போடப்போவது யாரோ அவர்கள் பேரில் இருப்பதுதான் முறை என்று எனக்குத் தோன்றியது. ஆரிப் உன்னுடைய ஈமெயிலை அம்மாவிடம் வாங்கியிருக்கிறான், ஏதோ ஒப்புதல் கேட்டு வரும், கொடுத்துவிடு. பாஸ்வேர்டு நோட்டில் இருக்கிறது. நீ சொன்னபடி கேட்டபோது அவன் முகம் கொஞ்சம் சுருங்கிற்று. அவன் வாப்பா செய்யது அலிதான், "மாமா கேக்குதது சரிதானல, எழுதிக் குடு" என்று அதட்டினார்.

'எங்களைப் பற்றி' பக்கத்துக்கு நான் எழுதியதைக் கீழே கொடுத்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்து.

'அழகிரி விதைக்கடை 1994-ஆம் வருஷம் ஆவணி மாதம் மெயின் ரோட்டுக்குப் பின்னால் ஒற்றைக் கதவுக் கடையாகத் தொடங்கியது. ஆரம்பத்தில் மல்லி விதையும் கம்பும் மட்டும்தான். ஒரு வருஷம் வாங்கிய பருத்தி விதை முளைக்காமல் போனது. வாங்கிய பதினேழு பேர் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லி, மாற்று விதை கொடுத்தோம். அன்றுமுதல் எந்த விதையையும் ஈரத்துணியில் முளைக்கவைத்துப் பார்த்த பிறகே விற்கிறோம். ஒவ்வொரு பொட்டலத்திலும் விதைக்கும் மாதத்தை எழுதும் வழக்கத்தை உண்டாக்கியவர் கடைக்காரரின் மகள். அப்போது அவர் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தார். இன்றுவரை அந்தப் பொட்டலங்களில் இருப்பது அவர் எழுதிய எழுத்தின் அச்சுதான்.'

நீ எழுதிய 'புரட்டாசி'யில் ரகரம் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அச்சுக்காரன் திருத்தட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதல் கேள்விக்கு நோட்டில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீ கேட்ட இன்னொன்றுக்கும் இப்போது பதில் எழுத முடியவில்லை.

அம்மாவைக் குடையாதே.

அப்பா

*

பெங்களூரு
9.8.2024

அப்பா,

நலம் விசாரித்து எழுதவில்லை. விசாரித்தால் நலம் என்றே எழுதுவீர்கள்.

நேற்று ஆரிப் ஈமெயில் அனுப்பியிருந்தான். எங்கள் வேலையில் எப்போதும் கேட்பதுபோல, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று கேட்டேன். நீங்கள் என்னிடம் புரட்டாசி என்றீர்கள். அவன் எழுதுகிறான்: 'ஆவணி இருபதுக்கு முன்னால் அக்கா. அன்றைக்குத்தானே மாமாவுக்கு ஆபரேஷன். அதற்கப்புறம் அவிய பேச முடியாதுல்லா, அதுக்குள்ள எல்லாத்தையும் கேட்டு வாங்கிடணும்.' எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து எழுதியிருக்கிறான் பாவம்.

கயிற்றுக்கடைப் பையனுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். சீனித்தாய்க்குச் சொல்லியிருக்கிறீர்கள். பெற்ற மகள் மற்றவர்களில் சேர்த்தியாகிவிட்டாள். கஞ்சியும் கழுத்துத் துண்டும் மதுரையும் கண்முன் இருந்தும் எனக்குப் புரியாமல் போயிற்றே என்று என் மேலேயே ஆத்திரமாக இருக்கிறது. உங்கள் மேல் அதைவிட அதிகம்.

அம்மாவைக் கூப்பிட்டேன். அழுதாள். எல்லாம் சொன்னாள்.

இருபத்தேழு நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு உங்கள் குரல் கிடையாது. ஊர் பார்க்கச் சூடத்தை அணைத்தோமே என்ற கௌரவத்துக்காக அதையும் எனக்கு இல்லாமல் செய்துவிட்டுப் போவீர்களா? நான் டிக்கெட் எடுக்கிறேன். வந்து உங்கள் முன்னால் நிற்பேன். ஒரே ஒரு தடவை பேசுங்கள்.

கிருஷ்ணப்ரியா

*

கோவில்பட்டி
14.8.2024

என் மகளுக்கு, அப்பா எழுதுவது.

முதல் கேள்வி, எதற்காக வெப்சைட். பதில்: தொண்டையில் புற்று. குரல்பெட்டியை எடுத்துவிட்டால் பிழைக்கலாம் என்கிறார்கள். எடுத்தபின் கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடலாம், பேச முடியாது. போனில் கூப்பிட்டு விதைக்கட்டுமா என்று கேட்கிறவனுக்கு யார் பதில் சொல்வது? அதற்காக. இப்போது நோட்டு முழுதாகிவிட்டது.

கௌரவம் என்று எழுதியிருந்தாய். முதல் வருஷம் அப்படித்தான் இருந்தது. உன்னைக் கயத்தாறு வீட்டுக்குக் கொடுப்பதாக நான் வாக்குக் கொடுத்திருக்க, நீ பதிவுக் கல்யாணம் செய்தாய் என்று கேட்டபோது கண் மண் தெரியவில்லை. ஆனால் அன்று நான் செய்த சத்தியத்தின் பாதிதான் உனக்குத் தெரியும். இவளோடு பேசினால் நான் நாசமாகப் போவேன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. உன் பேரைச் சொன்னேன். இனி நான் இவளோடு ஒரு வார்த்தை பேசினால் இவள் குலம் என்று ஆரம்பித்து வாயில் வந்ததைச் சொல்லிச் சூடத்தை அணைத்தேன். முழுசாக எழுதக் கை வரவில்லை. உன் அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தை பிறந்த அன்று அது நான்தான். அம்மா கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். சந்தோஷத்தில் எதுவும் ஞாபகம் இல்லை. ஏட்டி என்ற பிறகுதான் நினைவு வந்தது, அறுத்துவிட்டேன். மூன்றாம் நாள் குழந்தைக்கு மூச்சுத் திணறி, கண்ணாடிப் பெட்டிக்குள் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அந்தப் பதினொரு நாளும் நான் கடை திறக்கவில்லை. உனக்கு இதெல்லாம் மூடத்தனமாகத் தெரியும். இருக்கலாம். ஆனால் அணைத்த கை என்னுடையது. ஒரு வார்த்தைக்குப் பதினொரு நாள் என்றால் நேரில் உட்கார்ந்து பேசினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிற மனசு எனக்கு. அதை மாற்ற என்னால் முடியவில்லை.

சத்தியத்தை இறக்கி வைக்க வழி உண்டா என்று பூசாரியிடம் கேட்டேன். உண்டாம். பங்குனிக் கொடைத் திருவிழா அன்று, செய்தவரும் யார்பேரில் செய்தாரோ அவரும் சேர்ந்து வந்து, மறுபடி சூடம் ஏற்றி அணையாமல் எரியவிட வேண்டும். கொடை பங்குனியில். என் தேதி ஆவணியில். டாக்டரிடம் தள்ளிப்போடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அவர் திட்டிய திட்டை எழுத மாட்டேன்.

வந்து என் முன்னால் நிற்காதே. நின்றால் பேசிவிடுவேன். குழந்தையை நினைத்துக்கொள்.

அப்பா

*

பெங்களூரு
20.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு, இங்கே மூன்று பேரும் நலம். அங்கே அம்மாவைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை ஜெயபாண்டியும் படித்தார். குழந்தைக்கு மூச்சுத் திணறியது நான் குறைமாதத்தில் பெற்றதால். டாக்டர்கள் முந்தின வாரமே சொல்லியிருந்தார்கள். இதைச் சொன்னாலும் உங்கள் மனசு கேட்காது என்று தெரியும். என் மேலுள்ள கோபத்தில்தான் பேசவில்லை என்று ஐந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பயம் என்று தெரிந்திருந்தால் எத்தனையோ நாள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அப்பா, எனக்கு உங்கள் மேல் இப்போது துளியும் வருத்தம் இல்லை. நீங்கள் பயப்படும்படி எதையும் செய்ய மாட்டேன். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

ஆனால் என் வேலையை நான் பார்க்க வேண்டும். உங்கள் நோட்டில் ஒரு குறை இருக்கிறது. சம்சாரிகளில் நிறையப் பேர் பத்தி பத்தியாகப் படிக்க மாட்டார்கள். முப்பது வருஷம் கேட்டுப் பழகிய குரலைத்தான் நம்புவார்கள். அதனால் முகப்புப் பக்கத்தில் ஒரு பட்டன் வேண்டும். அமுக்கினால் கடைக்காரர் பேச வேண்டும். விதைக்கும் முன்னால் என்ன பார்ப்பது, எத்தனை நாள் பொறுப்பது என்று நீங்கள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னால் போதும். சீனித்தாயைப் போனைப் பிடிக்கச் சொல்லிப் பதிவு செய்து ஆரிப்பிடம் கொடுத்துவிடுங்கள்.

எனக்குப் பேச வேண்டாம். கடைக்கு வருகிற சனங்களுக்குப் பேசுங்கள். வெப்சைட் எல்லோருக்கும் பொது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

இதை உங்கள் மகளாகக் கேட்கவில்லை. எந்த வாடிக்கையாளர் வந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசை. அது பொய். மகளாகத்தான் கேட்கிறேன்.

அன்புடன்
கிருஷ்ணப்ரியா

*

கோவில்பட்டி
2.9.2024

மகளுக்கு, அப்பா எழுதுவது. நலம். நாளை மறுநாள் மதுரைக்குப் போகிறோம்.

பேசிவிட்டேன். குரல் கம்மிப் போயிருக்கிறது, கரகரவென்று இருக்கும். முதல் தடவை தொண்டை கட்டியது. இரண்டாவது தடவை வாசலில் லாரிக்காரன் ஆரன் அடித்தான். மூன்றாவது தடவை சீனித்தாய் தேம்பிவிட்டாள், அவளுடைய சத்தமும் பதிவாகிவிட்டது. "ஏட்டி, நீ வெளிய போ" என்று அவளை அனுப்பிவிட்டு, போனை மல்லி மூட்டை மேல் சாய்த்துவைத்து நானே பேசினேன். ஆரிப் இன்னும் கேட்கவில்லை. வெப்சைட் திறக்கிற அன்றைக்குக் கேட்டால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

சனங்களுக்குத்தான் பேசியிருக்கிறேன். யார் பேரும் சொல்லவில்லை.

ஜெயபாண்டியிடம் நான் விசாரித்ததாகச் சொல். குழந்தைக்கு என் ஆசீர்வாதம்.

அப்பா

*

பெங்களூரு
20.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு, புண் ஆறிவருகிறது, குழாய் வழியாகக் கஞ்சி இறங்குகிறது என்று அம்மா சொன்னாள். சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். இங்கே நாங்கள் நலம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆவணி இருபதன்று நான் மதுரையில்தான் இருந்தேன். உங்களைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோகும்வரை கீழே மருந்துக்கடைப் பக்கம் நின்றேன். மயக்கம் தெளியும் முன்னால் ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். கால்மாட்டில் நின்று உங்கள் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கண் திறப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன். சத்தியத்துக்கு ஒரு பங்கமும் இல்லை.

புரட்டாசி ஒன்றாம் தேதி ஆரிப் வெப்சைட்டைத் திறந்துவிட்டான். பட்டனை முதலில் அமுக்கியது நான்தான். நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

"வணக்கம். அழகிரி விதைக்கடையில இருந்து பேசுதேன். மழை பேஞ்ச ஒடன ஓடிப்போயி வெதச்சிராதீங்க. ஒரு பிடி மண்ண அள்ளி உருட்டிப் பாருங்க. உருண்டை ஒடையாம இருந்தா வெதைங்க. இல்லேன்னா பொறுங்க. பொறுத்தவுக கெட்டதில்ல. அவசரப்பட்டு ஒண்ணச் சொல்லிட்டு, செஞ்சிட்டு, பெறகு வருசக்கணக்கா வருத்தப்படாதீங்க. நான் பட்டிருக்கேன். இதக் கேக்குதவிய யாரா இருந்தாலும், எங்கன இருந்தாலும், நல்லா இருக்கணும். வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. பச்சப்பிள்ளைய வெயில்ல விடாதீங்க. வச்சிருதேன்."

சங்கிலிப்பாண்டி கடைக்கே வந்து சீனித்தாயிடம் கேட்டாராம்: "மண்ணப் பத்திச் சொன்னது சரி. வெதக்கடையில எதுக்கு அண்ணாச்சி சாப்பிடச் சொல்லுதாரு?"

ப்ரியதர்ஷினி ஒரு நாளைக்கு எத்தனை தடவை அமுக்குகிறாள் என்று கணக்கே இல்லை. வச்சிருதேன் என்று நீங்கள் சொன்னதும் அவளும் "வச்சித்தேன்" என்கிறாள். நான் இதுவரை முழுசாக ஒரு தடவைதான் கேட்டேன். இரண்டாவது தடவைக்குத் தைரியம் வரவில்லை, அப்பா.

அன்புடன்
கிருஷ்ணப்ரியா

*

கோவில்பட்டி
1.10.2024

என் மகள் கிருஷ்ணப்ரியாவுக்கும், மாப்பிள்ளை ஜெயபாண்டிக்கும், பேத்தி ப்ரியதர்ஷினிக்கும் அப்பா எழுதுவது. வீட்டுக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. நலம் என்று இந்தத் தடவை பொய்யில்லாமல் எழுதுகிறேன். வலி இருக்கிறது. கழுத்துத் துளையைத் துடைக்க அம்மா பழகிவிட்டாள். வார்த்தை ஏதும் வரவில்லை, காற்றுதான் வருகிறது.

காலைப் பிடித்தது நீதான் என்று எனக்குத் தெரியும். மயக்கத்திலும் தெரிந்தது.

வெப்சைட்டைப் பார்த்தேன். பொட்டலத்தின் படத்தில் சாய்ந்த ரகரம் அப்படியே இருக்கிறது. சீனித்தாய் ஆர்டர்களை வாசித்துக்காட்ட, நான் சிலேட்டில் பதில் எழுதுகிறேன். நேற்று பதினாறு பேருக்குப் பொறு என்று எழுதினேன். ஓட்டப்பிடாரம் பக்கம் ஒருவருக்கு மட்டும் விதை என்று எழுதினேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் குரல் காதில் விழுந்தால் என் வாய் சும்மா இருக்காது என்று முன்பு எழுதினேன் அல்லவா. இனி இந்த வாயால் யாருக்கும் பயம் இல்லை. பேசமாட்டேன் என்றுதான் சத்தியம். அதை இனி என்னால் மீறவே முடியாது. அதனால் நீ போன் பண்ணலாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மாவின் போனை என் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஐந்து வருஷத்து விஷயம் பாக்கி இருக்கிறது, ஒன்றையும் விடாமல் சொல். மாப்பிள்ளையையும் பேசச் சொல். குழந்தையைக் கடிக்காமல் பேசச் சொல்.

பங்குனிக் கொடைக்கு மூன்று பேரும் வாருங்கள். சூடம் ஏற்றி எரியவிடுவோம்.

நான் கேட்கிறேன் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். நகத்தால் போனைத் தட்டுகிறேன். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை. தட்டுவது பேச்சில் சேருமா என்று பூசாரியிடம் கேட்கப் போவதில்லை.

மூன்று தட்டினால், ஏட்டி என்று கூப்பிடுகிறேன்.

அப்பா